பின்கதவு வழியாக வந்த வாசகர்கள்

நியாயமாகப் பார்த்தால் இந்தப் பக்கங்களை ஓய்வு பெற்ற ஒருவர்தான் எழுதியிருக்க வேண்டும். வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாய்வாக உட்கார்ந்து திரும்பிப் பார்க்கிற ஒருவர். எனக்கு இன்னும் தலை நரைக்கவில்லை. என் மகளுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. ஆனாலும், ஊர்ப்புற நூலகங்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு 'வேற்றுமொழி வாசகர்களுக்கான சேவை' பற்றி எழுதித் தரும்படி என்னிடம்தான் கேட்டார்கள்.

காரணம் இதுதான். என் நூலகத்தில் ஒடியா பேசும் பெண்களுக்கென்று தனியாக ஒரு வாசிப்பு நேரம் நடந்தது. நூலகர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அதைப் பாராட்டி எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது பீரோவின் அடித்தட்டில், மடித்தது மடித்தபடி இருக்கிறது. அதே ஏற்பாட்டை நீங்களும் உங்கள் ஊர்களில் செய்யலாம் என்று சொல்லப்பட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். செய்வதற்கு முன், அது எப்படி வந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்கள் என்ற கூச்சத்தில் இதை எழுத உட்கார்ந்து, பலமுறை எழுந்து போய்விட்டேன்.

என் நூலகம் மரக்காணத்துக்குத் தெற்கே, உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒரு குப்பத்தில் இருக்கிறது. ஒரே கூடம். தெருவைப் பார்த்து முன்கதவு. அடிபம்பு இருக்கும் சந்துப் பக்கம் பின்கதவு. நான் பெரிய முதலியார்சாவடியிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். மகப்பேறு விடுப்பு முடிந்தபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. கணவருக்குக் கம்பெனியில் ஷிப்டு வேலை, மாமியார் படுக்கையில். அதனால் அவளையும் தூக்கிக்கொண்டே வேலைக்கு வந்தேன். அப்படி வரலாமா என்று மேலே யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

முதல் நாள் அவளை ஓரமாகப் பாயில் கிடத்தியிருந்தேன். வாசகர் வட்டத் தலைவர் கலியபெருமாள் பார்த்தார். கொஞ்சம் பாத்திகள் வைத்து உப்பு எடுப்பவர். காலையில் செய்தித்தாளை முதலில் பிரிப்பது அவர்தான்.

"ஏம்மா, தரையில போட்டா எறும்பு கடிக்காதா?" என்று கேட்டுவிட்டு வெளியே போனார். திரும்பி வரும்போது உப்பளத்திலிருந்து நைலான் கயிறு கொண்டுவந்தார். ஃபேன் மாட்டாத ஒரு கொக்கி கூடத்தில் சும்மா இருந்தது. ஸ்டூலில் ஏறிக் கயிற்றைக் கட்டி, இரண்டு கையாலும் தொங்கிப் பார்த்தார்.

"என்னையே தாங்குது. உன் பொண்ணத் தாங்காதா? புடவைய எடு."

அப்படித்தான் நாவல் அலமாரிக்கும் சிறுவர் அலமாரிக்கும் நடுவே ஒரு தூளி வந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேப்பர் படிக்க வருகிறவர்கள் போகிற போக்கில் ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் எனக்கு மட்டும் ஒவ்வொரு நாளும் பயம். யாராவது ஒருத்தர் மேலே ஒரு புகார் சொன்னால் போதும். தூளி போகும், அதோடு வேலையும் போகும். இந்தப் பயத்தை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் அது இருக்கிறது.

எங்கள் கரையில் இறால் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரிகள் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே வேலை செய்ய ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், சிலர் குடும்பத்தோடு, காம்பவுண்டுக்குள்ளேயே வரிசை அறைகளில் இருக்கிறார்கள். மாலையில் இரண்டு மூன்று பேர் நூலகத்துக்கு வந்து, பேப்பரில் படம் பார்த்துவிட்டுப் போவார்கள். இவர்களுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. புதுச்சேரியில் தெரிந்த ஒருவரிடம் கேட்டு, ஒரு மூட்டை இந்திப் புத்தகங்கள் வாங்கிவந்து தனித் தட்டில் அடுக்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. வடக்கிலிருந்து வந்தவர்கள், இந்திதானே என்று நினைத்துவிட்டேன்.

வந்தார்கள். எடுத்தார்கள். மரியாதையாகப் பக்கம் புரட்டினார்கள். நாலைந்து நாள் கழித்துதான் அவர்களில் ஒருத்தி, சபிதா, சொன்னாள். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஒரு பையன், குனு, என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவன். மீன் வாங்கியே தமிழ் கற்றவள்.

"அக்கா, கோவம் வராதே?"

"சொல்லும்மா."

"இது எங்க எழுத்து இல்ல. எங்க எழுத்து ரவுண்டா இருக்கும். உங்க எழுத்து மாதிரி."

"அப்புறம் ஏன் இத்தனை நாளா எடுத்துப் பார்த்தீங்க?"

"நீங்க ஆசையா வச்சீங்க."

அன்று வெட்கிப்போனது நினைவிருக்கிறது. அதைப் பெரிய பாடம் என்று அப்போது நினைத்தேன். அதற்குப் பிறகு அவர்களிடமே கேட்டேன். ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர் ஒரு பை நிறையப் புத்தகம் சுமந்து வந்தார். கதைப் பத்திரிகைகள், குழந்தைகளுக்கான அரிச்சுவடி, அவர்கள் ஊர்ப் பஞ்சாங்கம், சிவப்பு அட்டை போட்ட ஒரு விரதக் கதைப் புத்தகம். எல்லாவற்றிலும் நூலக முத்திரை குத்தி, சன்னல் ஓரத் தட்டில் வைத்தேன்.

நமக்குக் கார்த்திகை நடக்கும் சமயத்தில் அவர்களுக்கு ஒரு மாதம் வரும். அதன் வியாழக்கிழமைகளில் பெண்கள் விரதம் இருப்பார்கள். ஒருத்தி விரதக் கதையை ராகம் போட்டுப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். வீட்டில் மனதுக்குள் படித்தால் அது கணக்கில்லை, வாய்விட்டுப் படிக்க வேண்டும், கேட்க ஆள் வேண்டும். அந்தக் கூட்டத்தில் நன்றாகப் படிக்கத் தெரிந்தவள் சபிதா ஒருத்திதான். ஹேச்சரியில் பகலும் இரவும் மோட்டார் ஓடும் சத்தம். அதனால் ஒரு வியாழன் காலை ஏழெட்டுப் பெண்கள் நூலகத்துக்கே வந்து பாயில் உட்கார்ந்தார்கள். அமைதி காக்கவும் என்ற பலகைக்கு நேர் கீழே சபிதா படிக்க ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை. என் மகள் தூளியிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை, ஆனால் கேட்டுக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

அப்போது மழைக்காலம் தொடங்கியிருந்தது. மழை வந்தால் உப்பளம் முழுக்கத் தண்ணீர். குவியல்களுக்குக் கீற்றுப் போட்டு மூடிவிட்டால் ஆண்களுக்கு வேறு வேலை கிடையாது. நூலகத்துக்குத்தான் வருவார்கள். அடுத்த வியாழன், கூடத்தின் ஒரு பாதியில் ராகம், மறுபாதியில் செய்தித்தாள். பின்னாலிருந்து யாரோ, "ஹேச்சரி வாசனையும் சேர்ந்து வருதுப்பா" என்று சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள். பெண்கள் போன பிறகு கலியபெருமாள் என் மேசைக்கு வந்தார்.

"ஏம்மா, அந்தப் பொண்ணுங்க படிக்கிறாங்களே. ஒரு வரி படிச்சா மறு வரி மண்டைல ஏறல. நீ ஏதாவது பார்த்துச் செய்மா."

"சரிங்க ஐயா."

அவர் உடனே போய்விடவில்லை. தூளியிடம் போய் மெல்ல ஆட்டினார். "நல்லாத் தூங்குறா போல," என்றார். கயிற்றின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

முடிச்சைத் தொட்டது எதற்கு என்று அன்று முழுக்க யோசித்தேன். கட்டியவரே அவிழ்த்துவிட முடியும் என்று எனக்குக் காட்டுகிறாரா? இப்போது எழுதும்போது அபத்தமாகத் தெரிகிறது. அன்று அது எனக்குச் சந்தேகமில்லாத எச்சரிக்கையாக இருந்தது.

பக்கத்து ஊர் நூலகத்தில் இருக்கும் மூத்த அக்கா ஒருவருக்கு போன் செய்தேன். தூளியைப் பற்றிச் சொல்லவில்லை, மற்றதைச் சொன்னேன்.

"ஊர்க்காரங்களப் பகைச்சிக்கிட்டு லைப்ரரி நடத்த முடியாதுடி. அவங்களயும் வுட்டுடாத. ரெண்டு பேருக்கும் நேரத்தப் பிரிச்சுடு," என்றார்.

அவர் மேல் தவறில்லை. பாதிக் கதை கேட்டவர் அதற்கு ஏற்ற யோசனைதான் சொல்ல முடியும். மூத்தவர்களிடம் யோசனை கேட்கும்போது உங்கள் பயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதை மறைத்துவிட்டுக் கேட்டால், உங்களுக்கு வேண்டிய பதிலை அவர்கள் வாயால் வாங்கிக்கொள்கிறீர்கள். அவ்வளவுதான்.

மதியம் நூலகம் மூடியிருக்கும். அந்த நேரத்தில் என் சாப்பாட்டு இடைவேளையை விட்டுக்கொடுத்து, வியாழன் மூன்று மணிக்கு அவர்களுக்கென்று திறப்பது என்று முடிவு செய்தேன். சபிதாவிடம் சொன்னேன்.

"மத்த நாள்?" என்று கேட்டாள்.

"மத்த நாள் வேணாம். கூட்டமா இருக்குது. வியாழக்கிழமை உங்க நேரம். உங்களுக்கு மட்டும்."

"முன்னாடி கதவு?"

"முன்னாடி தொறந்தா எல்லாரும் வந்துருவாங்க. பின்னாடி மெதுவாத் தட்டுங்க. நான் தொறக்கறேன்."

அவள் பின்கதவைத் திரும்பிப் பார்த்தாள். "சரி அக்கா," என்றாள்.

அந்த வியாழக்கிழமைகளில் நான் பெருமையாக இருந்தேன் என்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவசரமாக இரண்டு வாய் சோறு அள்ளிப் போட்டுக்கொண்டு, யாருக்காகவோ தியாகம் செய்கிறவள் மாதிரி பின்கதவின் தாழ்ப்பாளை விலக்குவேன். அடிபம்புச் சேற்றில் செருப்பு வழுக்கும் என்று, அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையாகச் சந்துக்குள் நின்றிருப்பார்கள். ஒரு வியாழன் எங்கள் ஊர்ப் பக்கம் வந்துபோன மேலதிகாரி ஒருவர் போட்டோ எடுத்தார். பாயில் பெண்கள், நடுவில் சிவப்பு அட்டைப் புத்தகம், சபிதாவின் மடியில் என் மகள். அவளைச் சபிதாவின் குழந்தை என்று அவர் நினைத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. பார்க்க அழகான போட்டோ. அதுதான் பிறகு பொன்னாடை வரை போனது. கதவு அதில் விழவில்லை.

ஒரு புதன்கிழமை. முந்தைய இரவிலிருந்து விடாத மழை. படகு எதுவும் இறங்கவில்லை, மீன்காரர்களும் சேர்ந்து கூடம் நிறைந்திருந்தது. சபிதா முன்கதவில் வந்து நின்றாள். குடை இல்லை. குனுவை முந்தானையால் மூடியிருந்தாள், அது நனைந்து அவன் தலையோடு ஒட்டியிருந்தது. மறு கையில் ஏதோ ஒரு மூட்டை.

"அக்கா..."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். இத்தனை நாள் ஒழுங்காக நடந்த ஏற்பாட்டை இவள் எல்லோர் முன்னாலும் உடைக்கிறாளே என்றுதான் தோன்றியது. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கு இல்லம்மா. நாளைக்கு. மூணு மணி. பின்னாடி." புரியாமல் போய்விடக் கூடாதென்று மூன்று விரலைக் காட்டினேன்.

அவள் பார்வை என்னைத் தாண்டிப் போனது. தூளியிலிருந்து என் மகளின் ஒரு கால் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த, சாக்ஸ் போட்ட கால். அதைப் பார்த்தாள். பிறகு "சரி அக்கா," என்றாள். மூட்டையை வாசல் ஓரம் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

கலியபெருமாள் பேப்பரைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, ஏன் அனுப்பிச்சிட்ட?"

"இது அவங்க நேரம் இல்லீங்க ஐயா."

"மழைக்கு இன்னாம்மா நேரம்?"

"நீங்கதானே ஐயா சொன்னீங்க..."

"நான் இன்னா சொன்னேன்? சத்தமாப் படிக்கிறாங்க, பேப்பர் படிக்க முடியலன்னு சொன்னேன். கொஞ்சம் மெதுவாப் படிங்கன்னு சொல்லுவன்னு பார்த்தேன். ஆளையே வராதன்னு எப்பம்மா சொன்னேன்?"

மூலையிலிருந்த ஒரு மீன்காரர் கேட்டார், "அப்ப அவங்க இங்கதான் இருக்காங்களா? ரொம்ப நாளா காணோமேன்னு, ஊருக்குப் போய்ட்டாங்கன்னு நெனச்சோம்."

"பின்னாடி வழியா வர்றாங்களாம்," என்றார் இன்னொருவர்.

"பின்னாடியா? ஏம்பா?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அந்த நிமிடத்தைப் பற்றி நிறைய யோசித்துவிட்டேன். கலியபெருமாள் அன்று சொன்னது உண்மைதானா, இல்லை எல்லோர் முன்னாலும் நல்லவராக மாற்றிச் சொன்னாரா என்றுகூட யோசித்தேன். ஹேச்சரி வாசனை என்று ஒருவர் சொன்னதும் இரண்டு பேர் சிரித்ததும் என் கற்பனை இல்லையே. ஆனால் கதவை மாற்றச் சொல்லி எவரும் சொல்லவில்லை. அதை நானாகத்தான் செய்தேன். என் குழந்தையை உள்ளே வைத்துக்கொள்ள, அவள் குழந்தையை வெளியே நிறுத்தினேன். யாரும் கேட்காத விலையை, என் கையிலிருந்து கொடுக்காமல் அவள் கையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

வாசலுக்கு ஓடினேன். தெருவில் அவள் இல்லை. மூட்டை மட்டும் இருந்தது. இறால் குஞ்சுகளை வெளியூருக்கு அனுப்பும்போது காற்றடைத்துக் கட்டுவார்களே, அந்த பாலிதீன் பை. வாய் முறுக்கி ரப்பர் பேண்டு போட்டு, உப்பலாக இருந்தது. உள்ளே சிவப்பு அட்டைப் புத்தகம். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

மதியம் நூலகத்தைப் பூட்டிவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு குடையோடு ஹேச்சரிக்குப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் நிறுத்தினார்.

"உள்ள வுடக் கூடாது மேடம். வெளியாள் வந்தா குஞ்சுக்கு நோய் வந்துரும். இங்கயே நில்லுங்க."

நின்றேன். காற்றில் குடை நிற்கவில்லை. சபிதா வந்ததும் முதலில் என் மகளைத்தான் பார்த்தாள். கேட்டுக் கம்பி வழியாகக் கையை நீட்டி, அவள் தலையை வாட்ச்மேன் அறையின் கூரைக்கு அடியில் வரும்படி சாய்த்தாள்.

"பாப்பா நனையுது அக்கா."

"குனு எப்படி இருக்கான்?"

"இருமல். சூடு இல்ல."

"எதுக்கும்மா அந்த மழையில வந்த?"

"ரூம்ல தண்ணி வந்துச்சு. புக் நனைஞ்சா நீங்க என்னா சொல்வீங்கன்னு..."

"நான் திட்டுவேன்னா நெனச்ச?"

"லைப்ரரி புக்தானே அக்கா."

அது அவர்கள் ஊரிலிருந்து அவர்களே சுமந்து வந்த புத்தகம். முத்திரை மட்டும்தான் என்னுடையது.

மன்னிப்புக் கேட்டேன். தமிழில் அதற்கு எத்தனையோ சொற்கள் இருந்தும், எதுவும் அவளுக்குப் புரிகிற மாதிரி வரவில்லை. இனி எப்போது வேண்டுமானாலும், முன்கதவு வழியாகவே வரலாம் என்றேன்.

"நீங்க டைம் சொன்னீங்க. நான் டைம்ல வரல. என் தப்பு அக்கா," என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மறுநாள் மூன்று மணிக்கு யாரும் தட்டவில்லை. அதற்கடுத்த வியாழனும் இல்லை. அறைகளில் தண்ணீர் வடிந்த பிறகு, மோட்டார் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி அங்கேயே படித்துக்கொள்கிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார். எந்தப் புத்தகத்தை வைத்துப் படித்தார்கள் என்று தெரியவில்லை. சிவப்பு அட்டை என் தட்டில்தான் இருந்தது. கொடுத்தனுப்பினேன். 'இங்க நனையும், அங்கயே இருக்கட்டும்' என்று திரும்பி வந்துவிட்டது.

கோடையில் அந்தக் கூட்டம் நடந்தது. போட்டோவைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். எழுந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். மைக்கைக் கையில் கொடுத்தார்கள்கூட. "எல்லோருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

தனி நேரம் ஒதுக்குவதே தவறு என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. சில இடங்களில் அவர்களே அதைக் கேட்கக்கூடும். ஒதுக்குவதற்கு முன் ஒன்று மட்டும் பாருங்கள். அந்த நேரம் யாருடைய நிம்மதிக்காக? உங்களுடையது என்றால், விட்டுவிடுங்கள்.

இந்த ஆண்டும் மழை வந்துவிட்டது. என் மகள் நடக்கிறாள், தூளியைக் கழற்றியாயிற்று. கயிறு மட்டும் கொக்கியில் இருக்கிறது. போன மாதக் கடைசியில் வாசகர்களிடம் நானே பேசினேன். வியாழக்கிழமை காலையில் கூடத்தில் சத்தமாக வாசிப்பு நடக்கும், அமைதி வேண்டுபவர்கள் மாலையில் வரலாம் என்றேன்.

"அப்ப நானும் சத்தமாத்தான் பேப்பர் படிப்பேன்," என்றார் கலியபெருமாள்.

"படிங்க ஐயா."

"தலையங்கம் படிப்பேன். ராகம் போட்டு."

"ஓடிப்போயிருவாங்கடா எல்லாரும்," என்றார் மீன்காரர். கூடம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஹேச்சரி கேட்டுக்குப் போய் சபிதாவிடமும் சொல்லிவிட்டு வந்தேன். தலையாட்டினாள். முதல் வியாழன் வரவில்லை. நேற்று இரண்டாவது வியாழன். இதை எழுதி முடிக்க முடிந்ததே அதனால்தான். முன்கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்து கல் முட்டுக் கொடுத்து வைத்திருந்தேன். கூடத்தில் ஆட்கள் இருந்தார்கள். சிவப்பு அட்டைப் புத்தகம் பாயின் மேல் இருந்தது. ஒன்பதரை, பத்து. தெருவில் யாரும் இல்லை.

அப்போது பின்கதவு தட்டப்பட்டது. மெதுவாக, நான் சொல்லிக்கொடுத்திருந்தபடியே.

தாழ்ப்பாள் வரை போய்விட்டேன். கை வைத்தேன், எடுத்துவிட்டேன். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு முன்கதவு வழியாக இறங்கி, தெருவைச் சுற்றிச் சந்துக்குள் போனேன். அடிபம்புப் பக்கம் சேறு கணுக்கால் வரை இருந்தது. செருப்பு வழுக்கியது, கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். சபிதாவும் மற்ற பெண்களும் மூடிய கதவைப் பார்த்து வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்கள் கையிலும் செருப்பு. குனு தரையில் நின்றிருந்தான்.

சபிதா திரும்பிப் பார்த்தாள்.

"என்ன அக்கா, சாவி இல்லையா?"

"இருக்குது," என்றேன். "வா, அந்தப் பக்கமாப் போவோம்."